இலங்கை ஏன் கடன் கட்ட முடியாமல் போனது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கேள்விகளில் பெரும்பாலானவை 2022இலிருந்து உறவினர்களும் பக்கத்து வீட்டாரும் என்னிடம் கேட்டவை. சில, கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் தொலைபேசியில் வந்தவை. பொருளியல் படிக்காதவருக்கும் விளங்க வேண்டும் என்று நினைத்துப் பதில்களை எழுதியிருக்கிறேன். என் கருத்து எது என்பதையும் மறைக்கவில்லை.

2022இல் உண்மையில் என்ன நடந்தது? "வங்குரோத்து" என்கிறார்களே?

2022 ஏப்ரல் 12ஆம் திகதி நிதி அமைச்சு ஓர் அறிவித்தல் விடுத்தது. கடனை மறுசீரமைக்கும் வரை, அதாவது கடன் கொடுத்தவர்களோடு தவணையையும் வட்டியையும் திரும்பப் பேசி முடிக்கும் வரை, பெரும்பாலான வெளிநாட்டுக் கடன்களுக்கு வட்டியும் தவணையும் கட்டுவதை நிறுத்திவைக்கிறோம் என்பதுதான் அதன் சாரம். ஏப்ரல் 18இல் 78 மில்லியன் டொலர் வட்டி கட்ட வேண்டியிருந்தது, கட்டவில்லை. 30 நாள் சலுகைக் காலமும் மே 18இல் முடிந்துபோனது. சுதந்திரம் கிடைத்த நாளிலிருந்து, முப்பது வருடப் போரிலும் சுனாமிக்குப் பிறகும்கூடத் தவணை தவறாத நாடு அன்றுதான் முதன்முறையாகத் தவறியது.

அந்த மே மாதம் அப்போதைய நிதி அமைச்சர் அலி சப்ரி நாடாளுமன்றத்தில் ஒரு கணக்குச் சொன்னார். நாட்டின் கையில் பாவிக்கக்கூடிய வெளிநாட்டு ஒதுக்கு (வெளிநாட்டுக்குக் கட்டச் சேர்த்து வைத்திருக்கும் டொலர்) 50 மில்லியன் டொலர்கூட இல்லை. அன்றைய விலைக்கு ஒரு டீசல் கப்பலுக்குக் கொடுத்தால் அதோடு சரி. நாங்கள் வரிசையில் நின்றதற்கும், கப்பல் துறைமுகத்துக்கு வெளியே காசுக்காகக் காத்து நின்றதற்கும் காரணம் அதுதான்.

மத்திய வங்கியிடம் அச்சு இயந்திரம் இருக்கிறதே. காசு எப்படி இல்லாமல் போகும்?

ரூபாய் இல்லாமல் போகவில்லை. டொலர்தான் இல்லாமல் போனது. இந்த வேறுபாடு பிடிபட்டால் மிச்சம் எல்லாம் தானாக விளங்கும்.

சுன்னாகத்தில் வெங்காயத் தோட்டம் செய்கிற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். மகனின் வெளிநாட்டுப் பயணத்துக்காக 1,000 டொலர் கடன் வாங்கியிருக்கிறார், கடனை டொலராகவே திருப்பிக் கொடுக்க வேண்டும். 2022 பெப்ரவரியில் டொலர் 200 ரூபாயைச் சற்றுத் தாண்டி நின்றது, ஆகவே கடன் ஏறத்தாழ இரண்டு இலட்சம். மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி அதுவரை இழுத்துப் பிடித்து வைத்திருந்த நாணய மாற்று வீதத்தைத் தளர்த்தியது. மே மாதம் டொலர் 360 ரூபாய். அதே கடன் இப்போது மூன்று இலட்சத்து அறுபதாயிரம். அவர் ஒரு சதம்கூடப் புதிதாகக் கடன்படவில்லை. ஆனால் வெங்காயம் விற்று வருவது ரூபாய்தானே.

அரசாங்கமும் அந்தத் தோட்டக்காரரைப் போலத்தான். வரி வருவது ரூபாயில், கடன் நிற்பது டொலரில். ரூபாயை எவ்வளவு அச்சடித்தாலும் டொலர் வராது, விலைதான் ஏறும். 2020க்குப் பிறகு மத்திய வங்கி அரசாங்கத்துக்காகப் பெருமளவில் காசை அச்சிட்டது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8%, உணவுப் பணவீக்கம் 94.9%. முந்தைய வருடம் 100 ரூபாய்க்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமான் 195 ரூபாய் ஆனது.

இவ்வளவு கடனை யாரிடம் வாங்கினார்கள்?

முன்பெல்லாம் உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கி, ஜப்பான் போன்றோரிடம் குறைந்த வட்டிக்கு, நீண்ட காலத் தவணையில் கடன் கிடைத்தது. நாட்டின் தலாவருமானம் கூடியதும் "நீங்கள் இனி ஏழை நாடு இல்லை" என்று அந்த வாசல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்தப்பட்டது. நடுத்தர வருமான நாடுகள் பலவற்றுக்கும் நேர்ந்தது இதுதான். வருமானம் கொஞ்சம் கூடும், அதோடு மலிவான கடன் நின்றுபோகும்.

அதன் பிறகு இலங்கை சர்வதேசச் சந்தைக்குப் போனது. 2007இல் முதலாவது சர்வதேச இறையாண்மைப் பிணைமுறி, அதாவது வெளிநாட்டு முதலீட்டாளரிடம் டொலரில் கடன் வாங்க அரசாங்கம் விற்கும் பத்திரம், விற்கப்பட்டது. 500 மில்லியன் டொலர், வட்டி 8.25%. போர் முடிந்த பிறகு இது வழக்கமாகிவிட்டது. இந்தக் கடன்களில் அசலைச் சிறுசிறு தவணையாகக் கட்டுவது கிடையாது. வருடா வருடம் வட்டி போகும், முடிவு நாளில் முழு அசலும் ஒரே நாளில் வந்து நிற்கும். கையில் டொலர் இருக்காது, ஆகவே பழைய பிணைமுறியை அடைக்கப் புதிய பிணைமுறி விற்பார்கள். நகையை மீட்க இன்னொரு கடையில் அடகு வைக்கிறவர் போல. இரண்டாவது கடைக்காரர் கதவைப் பூட்டும் வரைதான் அது ஓடும்.

தவணை தவறிய நேரத்தில் இந்தப் பிணைமுறிக் கடன் மட்டும் 12.5 பில்லியன் டொலர். வெளிநாட்டுக் கடனில் தனியொரு பெரிய பங்கு அதுதான். சீனா, ஜப்பான், இந்தியா எல்லாம் அதற்குப் பிறகு.

சீனக் கடன் பொறிதான் காரணம் என்கிறார்களே?

இதை நான் ஏற்கவில்லை. சீனக் கடன் எல்லாம் நல்ல கடன் என்று சொல்வதாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அம்பாந்தோட்டைத் துறைமுகத்தின் முதற்கட்டத்துக்குச் சீன அரச வங்கியான எக்சிம் வங்கி 307 மில்லியன் டொலர் கடன் கொடுத்தது, வட்டி 6.3%. கப்பல் வராத துறைமுகத்துக்கு அது கடும் வட்டி. பக்கத்தில் மத்தள விமான நிலையமும் அதே வங்கிக் கடனில்தான் எழுந்தது, விமானம் வரவில்லை. இரண்டையும் எங்கே கட்டுவது என்று தீர்மானித்தவர்கள் கொழும்பில் இருந்தவர்கள். அம்பாந்தோட்டை அன்றைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ஷவின் சொந்த மாவட்டம்.

2017இல் துறைமுகம் 99 வருடக் குத்தகைக்கு ஒரு சீன நிறுவனத்திடம் போனது. கடனைக் கட்ட முடியாததால் சீனா பறித்துக்கொண்டது என்று உலகம் முழுவதும் எழுதினார்கள். அப்படி நடக்கவில்லை. குத்தகைக்குக் கிடைத்த 1.12 பில்லியன் டொலர் மத்திய வங்கியின் ஒதுக்கை நிரப்பப் போனது. துறைமுகக் கடன் ரத்தாகவில்லை, இலங்கையின் கணக்கிலேயே நின்றது. அந்த நேரத்தில் டொலருக்கு அவசரம் ஏன் வந்தது என்று கேட்டால், விடை பெரும்பாலும் பிணைமுறிக் கடன்களைத்தான் காட்டும்.

எல்லாச் சீனக் கடன்களையும் கூட்டினாலும் அரசின் வெளிநாட்டுக் கடனில் அது ஐந்தில் ஒரு பங்கு அளவில்தான். சீனாவைச் சுட்டிக்காட்டினால் நியூயோர்க்கிலும் லண்டனிலும் இருந்த பிணைமுறிக்காரர்களையும், வரியைக் குறைத்த கொழும்பையும் யாரும் பார்ப்பதில்லை. இந்தக் கதை இவ்வளவு நாள் நிலைத்து நிற்பதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் உண்மையான காரணம் என்ன?

ஒன்றல்ல, பல. ஆனால் ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால் 2019 நவம்பர் வரிக் குறைப்பைச் சொல்வேன்.

கோட்டாபய ராஜபக்ஷ பதவியேற்று இரண்டு வாரம்கூட ஆகவில்லை. வற் (பெறுமதி சேர் வரி) 15 சதவீதத்திலிருந்து 8 ஆனது. வருடத்துக்கு 12 மில்லியன் ரூபாய் வியாபாரம் செய்தாலே வற் கட்ட வேண்டும் என்றிருந்த எல்லை 300 மில்லியன் ஆனது. தேச கட்டுமான வரி நீக்கப்பட்டது. சம்பளத்திலேயே கழித்துக்கொள்ளும் வருமான வரி முறையும் போனது. அன்று இதைக் கைதட்டி வரவேற்றவர்கள் பலர். கடைக்காரருக்கு மகிழ்ச்சி, மாதச் சம்பளக்காரருக்கும் மகிழ்ச்சி.

வரி வருமானம் ஏற்கனவே மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 12 சதவீதத்துக்கும் குறைவு. அடுத்த வருடமே அது சுமார் 8 சதவீதத்துக்கு விழுந்தது. 2020இல் அரசாங்கத்துக்கு வந்த ஒவ்வொரு 100 ரூபாயிலும் 70 ரூபாய்க்கு மேல் வட்டிக்கே போனது. மிச்சம் முப்பதில் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், படை, ஓய்வூதியம், அரச ஊழியர் சம்பளம் எல்லாம் நடக்க வேண்டும். நடக்காது. கடன் வாங்க வேண்டும் அல்லது அச்சடிக்க வேண்டும்.

கடன் வாங்கும் கதவும் பூட்டிக்கொண்டது. கடன் தரப்படுத்தும் நிறுவனங்கள் 2020இல் இலங்கையைக் கீழே இறக்கின. சந்தையில் புதுப் பிணைமுறி விற்க வழியில்லை. ஆனால் பழையவை வரிசையாக முதிர்ந்துகொண்டே இருந்தன. 2019 முடிவில் 7.6 பில்லியன் டொலராக இருந்த ஒதுக்கு 2021 முடிவில் 3.1 பில்லியன். அதிலும் பாதியளவு சீனாவின் நாணயப் பரிமாற்றக் கடன் (சீன மத்திய வங்கி தன் யுவானை ரூபாய்க்கு மாற்றித் தரும் ஏற்பாடு), அதைத் தொட்டுச் செலவழிக்க முடியாது.

ஈஸ்டர் குண்டுவெடிப்பும் கோவிட்டும் வராவிட்டால் தப்பியிருக்குமா?

கொஞ்ச நாள் தள்ளிப்போயிருக்கும். 2018இல் சுற்றுலா 4.4 பில்லியன் டொலர் கொண்டுவந்தது. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்பு அதில் அடித்தது, கோவிட் மிச்சத்தையும் கொண்டுபோனது. அந்த அடி உண்மை. ஆனால் கோவிட் எல்லா நாட்டுக்கும்தான் வந்தது. எல்லா நாடும் தவணை தவறவில்லை.

பசளைத் தடை இதில் எங்கே வருகிறது?

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரென்று தடை செய்யப்பட்டது. சேதனப் பசளைக்கு மாறுவது நல்ல இலட்சியம்தான், ஆனால் அதை ஒரு போகத்துக்குள் செய்ய முடியாது என்று விவசாயிகளும் விவசாய விஞ்ஞானிகளும் சொன்னார்கள். கேட்கவில்லை. பசளைக்குப் போகும் டொலரை மிச்சம் பிடிக்கலாம் என்ற எண்ணமும் அதற்குள் இருந்தது. கடைசியில் மிச்சம் பிடித்ததை விடக் கூடப் போனது. நெல் விளைச்சல் படுத்தது, அரிசி இறக்குமதி செய்ய நேர்ந்தது, தேயிலையும் குறைந்தது. கிருமி இருப்பதாகச் சொல்லி இறக்க மறுத்த ஒரு சீனக் கப்பலின் சேதனப் பசளைக்கு, ஏறத்தாழ 7 மில்லியன் டொலரை அரச வங்கியொன்று கட்டியது. நவம்பர் மாதம் தடையை விலக்கினார்கள். கையில் பசளை இல்லாமல் பெரும்போகமான மகா போகம் தொடங்கிவிட்டது.

வெளிநாட்டில் இருப்பவர்கள் வங்கி வழியாகப் பணம் அனுப்பாததும் ஒரு காரணமாமே?

எண் உண்மை. 2020இல் 7.1 பில்லியன் டொலர் வந்தது, 2021இல் 5.5, 2022இல் 3.8 பில்லியன். ஆனால் பழியை அனுப்பியவர்கள் தலையில் போடுவது சரியில்லை. வங்கியில் டொலருக்கு 200 ரூபாய் சொச்சம், உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலம் பணம் மாற்றும் வழியில், அதைவிட நன்றாகக் கூட. கட்டாரில் வெயிலில் நிற்கிற ஒருவர், வீட்டில் பிள்ளைக்குப் பால்மா வாங்க அனுப்பும் காசை எந்த வழியில் அனுப்புவார்? வீதத்தைச் செயற்கையாக இழுத்துப் பிடித்தவர்கள்தான் அவரை உண்டியலுக்குத் தள்ளினார்கள்.

நிலைமை தெரிந்தும் ஏன் முன்கூட்டியே சர்வதேச நாணய நிதியத்திடம் போகவில்லை?

எனக்கு இன்றும் கோபம் வருவது இந்தக் கேள்வியில்தான்.

2021 முழுவதும் பொருளியலாளர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்: இப்போதே நெருக்கடியில் நாடுகளுக்கு நிபந்தனையோடு கடன் கொடுக்கும் நாணய நிதியத்திடம் போங்கள், கடன் கொடுத்தவர்களுடன் பேசுங்கள், கையில் கொஞ்ச டொலர் இருக்கும்போதே பேசுங்கள் என்று. அன்றைய மத்திய வங்கி ஆளுநர் அஜித் நிவாட் கப்ராலும் அரசாங்கமும் அதற்கு இணங்கவில்லை. நாங்களே சமாளிப்போம் என்றார்கள். பங்களாதேசிடம் 200 மில்லியன் டொலர் கைமாற்று வாங்கப்பட்டது. ஈரானுக்குக் கொடுக்க வேண்டிய 251 மில்லியன் டொலர் எண்ணெய்க் கடனைத் தேயிலையாகத் தீர்க்கலாம் என்று ஒப்பந்தம் எழுதப்பட்டது.

2022 ஜனவரி 18ஆம் திகதி 500 மில்லியன் டொலர் பிணைமுறி ஒன்று முதிர்ந்தது. அதை முழுதாக, ஒரு சதம் குறையாமல் கட்டினார்கள். சந்தையில் இலங்கைப் பிணைமுறிகள் முகப்பெறுமதிக்கு மிகக் கீழே விலைபோய்க்கொண்டிருந்த நேரம் அது. அடிமாட்டு விலைக்கு வாங்கியவருக்கு முழு விலை கிடைத்தது. இரண்டு மாதம் கழித்து டீசல் இல்லாமல் ஒருநாளைக்கு 13 மணி நேரம் மின்சாரம் போனது. காகிதம் இல்லை என்று மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் தள்ளிப்போயின. எரிபொருள் வரிசையில் வயதானவர்கள் மயங்கி விழுந்து இறந்தார்கள். அந்த 500 மில்லியன் எத்தனை கப்பல் டீசல், எத்தனை பெட்டி மருந்து என்று அன்றே பலர் கணக்குப் போட்டுக் கேட்டார்கள்.

யாழ்ப்பாணத்துக்கு இது புதிதில்லை என்று சொல்கிறார்களே?

தொண்ணூறுகளில் போரின்போது வடக்கின் மேல் அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடையைக் கண்டவர்களுக்குப் பழக்கம் இருந்தது என்பது உண்மை. எங்கள் அம்மம்மா 2022 மார்ச்சில் பேசாமல் போய் ஒரு ஜாம் போத்தலை எடுத்துக் கழுவினார். அடியில் கொஞ்சம் பஞ்சு, அதன் மேல் சிறிது மண்ணெண்ணெய், ஒரு திரி. தடைக் காலத்தில் பிள்ளைகள் எல்லாம் படித்தது அந்த விளக்கில்தான். கை மறக்கவில்லை. "இதையும் இன்னொருக்கா பாக்கவேண்டி வந்திட்டுதே" என்று மட்டும் சொன்னார்.

பழக்கம் இருந்தது என்பதற்காக வலி குறைவு என்று யாரும் நினைக்கக் கூடாது. தடைக்குள் பட்டினி கிடந்தவர்களை நாடு திரும்பிப் பார்க்கவில்லை என்ற மனத்தாங்கலும் அந்த ஒரு வரிக்குள் இருந்தது.

யாருக்கு அடி அதிகம் விழுந்தது?

கடன் வாங்குவதில் எந்தச் சொல்லும் இல்லாதவர்களுக்கு. இரண்டு இடங்களைச் சொல்கிறேன்.

வடக்கில் சிறு படகுகளின் வெளியிணைப்பு இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடுவது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே இரவில் ஏறியது. ஒரு தடவை கடலுக்குப் போக 25 லீற்றர் வேண்டுமென்றால், நேற்று 2,175 ரூபாய், இன்று 8,500. மீன் கிடைக்குமா என்பது வலையை இழுத்தால்தான் தெரியும். பல படகுகள் கரையிலேயே கிடந்தன.

மலையகத்தில் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 2021இல் 1,000 ரூபாய் ஆனது. அன்று அது ஏறத்தாழ 5 டொலர். ஒரு வருடம் கழித்து அதே 1,000 ரூபாய் 3 டொலர்கூட இல்லை. கூலி 1,350 ஆனது 2024 செப்டெம்பரில்தான். அவர்கள் கிள்ளும் கொழுந்து டொலருக்கு விற்கப்படுகிறது. ரூபாய் விழுந்தால் ஏற்றுமதி செய்கிறவருக்குக் கூடுதல் ரூபாய் கிடைக்கும், கொழுந்து கிள்ளியவருக்கு ரொட்டிக்கு மா வாங்கவே கூலி போதாது. நாட்டுக்கு டொலர் கொண்டுவந்த கைகளுக்கு டொலர் ஏறியதில் ஒரு சதமும் போய்ச் சேரவில்லை.

உலக வங்கிக் கணக்கில் வறுமை 2021இல் 13.1%, 2022இல் 25%. ஒரே வருடத்தில் ஏறத்தாழ இரட்டிப்பு.

இந்தியாவும் தமிழ்நாடும் உதவியது எவ்வளவு?

இந்தியா 2022இல் கடன் வசதி, நாணயப் பரிமாற்றம், தவணை ஒத்திவைப்பு என்று எல்லாமாக ஏறத்தாழ 4 பில்லியன் டொலர் அளவுக்குக் கைகொடுத்தது. அந்த வருடம் ஓடிய பேருந்துகள் பலவற்றில் இந்தியக் கடனில் வந்த டீசல் இருந்தது. தமிழ்நாடு அரசு 40,000 தொன் அரிசி, 500 தொன் பால்மா, மருந்துகள் கொடுத்தது. முதற்கப்பல் மே 18இல் சென்னையிலிருந்து புறப்பட்டது, தவணை தவறல் உறுதியான அதே நாள். தமிழருக்கு மட்டும் அல்ல, எல்லா மக்களுக்கும் என்று கொடுத்தார்கள். சிங்களக் கிராமங்களிலும் அந்த அரிசி வெந்தது.

நாணய நிதியம் என்ன கொடுத்தது, என்ன கேட்டது?

2023 மார்ச் 20இல் நான்கு வருடத் திட்டத்துக்கு ஒப்புதல், சுமார் 3 பில்லியன் டொலர், தவணை தவணையாக. இது இலங்கைக்குப் பதினேழாவது திட்டம். பதினாறு தடவை போய் வந்தும் பதினேழாவது தடவை போக நேர்ந்தது என்றால், நோயாளியிடமும் பிழை இருக்கிறது, மருந்திலும் பிழை இருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

கேட்டவை: வரி வருமானத்தைக் கூட்டு, மின்சாரத்தையும் எரிபொருளையும் அடக்கவிலைக்குக் கீழே விற்காதே, மத்திய வங்கி அரசாங்கத்துக்குக் காசு அச்சிடுவதை நிறுத்து, ஊழலைத் தடுக்கச் சட்டம் கொண்டுவா. கடைசி இரண்டும் நல்லவை. 2023இன் புதிய மத்திய வங்கிச் சட்டம் அச்சிடும் வழியை அடைத்தது.

முதல் இரண்டில்தான் வேதனை. வற் 8, 12, 15 என்று ஏறி 2024 ஜனவரியில் 18% ஆனது. மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75%, அடுத்த பெப்ரவரியில் மேலும் 66% கூடியது. வரியைக் கூட்டத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வற் என்பது கோடீஸ்வரரும் கூலிக்காரரும் ஒரே சவர்க்காரத்துக்கு ஒரே அளவு கட்டும் வரி. சொத்து வரி பின்னால் வரும் என்று சொல்லித் தள்ளினார்கள், வற் மட்டும் உடனே வந்தது.

கடன்காரர்கள் எவ்வளவு விட்டுக்கொடுத்தார்கள்?

நாடுகள் அசலைக் குறைக்கவில்லை, காலத்தை நீட்டின, வட்டியைக் குறைத்தன. ஜப்பான், இந்தியா, பிரான்ஸ் தலைமையில் கடன் கொடுத்த நாடுகளின் குழுவுடன் 2024 ஜூன் 26இல் 5.8 பில்லியன் டொலருக்கு உடன்பாடு. சீன எக்சிம் வங்கியுடன் தனியாக 4.2 பில்லியனுக்கு. அசல் கட்டுவது 2028 வரை தள்ளிப்போனது, முடிவது 2043இல்.

பிணைமுறிக்காரர்களுடன் 2024 டிசம்பரில் முடிந்தது. அசலில் 27% தள்ளுபடி என்று அறிவித்தார்கள். அதில் ஒரு முடிச்சு இருக்கிறது. புதிய பிணைமுறிகளில் ஒரு பகுதி நாட்டின் வளர்ச்சியோடு கட்டப்பட்டிருக்கிறது. 2025 முதல் 2027 வரை பொருளாதாரம் நாணய நிதியம் கணித்ததை விட நன்றாக வளர்ந்தால் தள்ளுபடி சுருங்கும், கட்ட வேண்டியது கூடும். நாம் கஷ்டப்பட்டு எழுந்தால் அந்த எழுச்சியிலும் அவர்களுக்குப் பங்கு. வட்டி 8% வாங்கியது "இந்த நாடு திருப்பித் தராமலும் போகலாம்" என்ற ஆபத்துக்கான விலை. ஆபத்து வந்த பிறகு நட்டத்தில் முழுப் பங்கும் ஏற்க மாட்டேன் என்றால் அந்த 8% எதற்கு? 2023 ஜனவரியில் ஜெயதி கோஷ், தோமா பிக்கெட்டி உட்பட 182 அறிஞர்கள் இலங்கைக் கடனைக் கணிசமாகத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கையெழுத்திட்டார்கள். பிணைமுறிக்காரர்கள் அசையவில்லை.

ஊழியர் சேமலாப நிதியில் கை வைத்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். சம்பளம் 40,000 ரூபாய் என்றால் உங்களிடம் 8%, அதாவது 3,200 ரூபாய் கழிக்கிறார்கள். முதலாளி 12%, அதாவது 4,800 ரூபாய் போடுகிறார். மாதம் 8,000 ரூபாய், வயது போன காலத்துக்கு. கட்டுநாயக்காவில் ஆடை தைக்கும் பெண்ணுக்கும், தோட்டத்தில் கொழுந்து கிள்ளும் பெண்ணுக்கும் பெரும்பாலும் வேறு சேமிப்பே கிடையாது. அந்த நிதியை மத்திய வங்கி நடத்துகிறது, அதில் பெரும்பகுதி அரசாங்கத் திறைசேரி முறிகளில், அதாவது அரசாங்கம் ரூபாயில் கடன் வாங்க விற்கும் பத்திரங்களில், கிடக்கிறது.

2023 ஜூனின் கடைசி நாட்களில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பை அறிவித்தார்கள். ஓய்வுகால நிதிகள் தங்கள் பழைய முறிகளைக் கொடுத்துவிட்டு, நீண்ட காலத்துக்கான புதிய முறிகளை வாங்க வேண்டும். 2025 வரை 12% வட்டி, பிறகு 9%. மாட்டேன் என்றால் 14% வருமான வரி 30% ஆகும். இதைத் தெரிவு என்று சொன்னார்கள். வங்கிகளும் தனியார் முதலீட்டாளர்களும் வைத்திருந்த திறைசேரி முறிகளைத் தொடவில்லை. வங்கிகள் ஏற்கனவே வரியும் நட்டமும் சுமக்கின்றன, வங்கி சரிந்தால் வைப்பாளர் எல்லோரும் சரிவார்கள் என்பது சொன்ன காரணம். வங்கி சரியக் கூடாது என்பது எனக்கும் விளங்குகிறது. ஆனால் வருடக்கணக்காக உயர்ந்த வட்டியில் முறி வாங்கி இலாபம் பார்த்த பெரிய முதலீட்டாளருக்கு ஏன் விலக்கு என்பதற்கு நான் நம்பத்தக்க விடை எதையும் கேட்கவில்லை.

இதற்கு முன்பே ஒரு வெட்டு விழுந்திருந்தது. 2022இல் அந்த நிதி அங்கத்தவருக்குக் கொடுத்த வட்டி 9%, பணவீக்கம் ஒரு கட்டத்தில் 70 சதவீதத்தைத் தொட்டது. தொகை கூடியது போலக் கடிதம் வரும், அதை வைத்து வாங்கக்கூடிய அரிசி மட்டும் பாதிக்குப் போயிருக்கும்.

கானாவில் 2022 டிசம்பரில் இதே நிலை வந்தது. அங்கே ஓய்வூதியக்காரர்கள் அக்ராவில் நிதி அமைச்சு வாசலில் பதாகையுடன் போய் நின்றார்கள். முன்னாள் பிரதம நீதியரசர் சோஃபியா அகுஃபோவும் அவர்களுடன் நின்றார். அவர்களுடைய முறிகளுக்கு விலக்குக் கிடைத்தது. இங்கே தொழிற்சங்கங்கள் குரல் கொடுத்தன, அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே நாடாளுமன்றத்தில் வாக்கெடுத்து முடித்துவிட்டார்கள்.

மற்ற நாடுகளிலும் இதேதானா?

சாம்பியா 2020 நவம்பரில் தவறியது. செம்பு விற்கும் நாடு, அதற்கும் டொலர்ப் பிணைமுறியும் சீனக் கடனும். பிணைமுறிக்காரர்களுடன் முடிக்க 2024 ஜூன் ஆனது, மூன்றரை வருடம். எத்தியோப்பியா 2023 டிசம்பரில் தவறியது. கடனை மறுசீரமைக்க ஏழை நாடுகளுக்கென்று ஜி20 ஒரு பொது ஏற்பாடு வைத்திருக்கிறது, ஆனால் இலங்கை நடுத்தர வருமான நாடு என்பதால் அதில் சேர முடியவில்லை. ஒரு கம்பனி முறிந்தால் நீதிமன்றம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது. ஒரு நாடு முறிந்தால் கடன்காரர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் போய் நிற்க வேண்டும். நிற்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி ஏறும்.

யாராவது பொறுப்புக் கூறினார்களா?

2023 நவம்பர் 14இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கோட்டாபய, மகிந்த, பசில் ராஜபக்ஷ சகோதரர்கள், முன்னாள் ஆளுநர்கள் கப்ரால், டபிள்யூ.டி. லக்ஷ்மன், அதிகாரிகள் பி.பி. ஜயசுந்தர, எஸ்.ஆர். ஆட்டிகல ஆகியோர் பொதுமக்கள் வைத்த நம்பிக்கையை மீறினார்கள் என்று ஐந்து நீதியரசர்களில் நால்வர் சொன்னார்கள். வரிக் குறைப்பும், வீதத்தை இழுத்துப் பிடித்ததும், நாணய நிதியத்திடம் பிந்திப் போனதும் அதில் வருகின்றன. வழக்குப் போட்டவர்களுக்குச் செலவுத் தொகையாக 150,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். சிறையும் இல்லை, நாட்டுக்கு நட்டஈடும் இல்லை. ஆனாலும் இதைச் சிறிதாக நினைக்கவில்லை. ஒரு பொருளாதாரக் கொள்கை மக்களின் அடிப்படை உரிமையை மீறலாம் என்று எழுத்தில் வந்துவிட்டது.

பணவீக்கம் குறைந்துவிட்டது என்கிறார்கள். சாமான் விலை ஏன் குறையவில்லை?

பணவீக்கம் என்பது விலை ஏறும் வேகம். வேகம் குறைந்தது, ஏறிய உயரம் குறையவில்லை. 2021 செப்டெம்பரில் 100 ரூபாய்க்கு விற்றது அடுத்த வருடம் 170 ஆனது. அதற்கு அடுத்த செப்டெம்பரில் பணவீக்கம் 1.3% என்று அறிவித்தார்கள், மகிழ்ச்சிச் செய்தி. 170 ரூபாய் 172 ஆனது என்பதே அதன் பொருள். சம்பளம் 172க்கு வந்ததா என்பதுதான் கேள்வி, பெரும்பாலான வீடுகளில் வரவில்லை.

இப்போது ஆபத்து நீங்கிவிட்டதா? நான் எதைக் கவனிக்க வேண்டும்?

வரிசை போய்விட்டது, 2024இல் பொருளாதாரம் சுமார் 5% வளர்ந்தது, 2025இல் வாகன இறக்குமதியும் திறந்துவிட்டார்கள். 2024 செப்டெம்பரில் ஜனாதிபதியான அநுர குமார திசாநாயக்கவும் அதே நாணய நிதியத் திட்டத்தைத்தான் தொடர்ந்தார். ஆனால் கடன் கொடுத்த நாடுகளுக்கு அசல் கட்டத் தொடங்குவது 2028இல். திட்டத்தின் இலக்கின்படியே போனாலும் 2032இல் கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 95 சதவீதத்துக்குச் சற்றுக் கீழேதான் நிற்கும். அதை அதிகம் என்று சொல்லும் பொருளியலாளர்கள் இருக்கிறார்கள், நானும் அவர்கள் பக்கம்.

வரவு செலவுத் திட்டம் வாசிக்கும் நாளில் சலுகைப் பட்டியலை விட்டுவிட்டு இரண்டு எண்ணை மட்டும் பாருங்கள்: அரச வருமானம் எவ்வளவு, அதில் வட்டி எவ்வளவு. 2022இல் வருமானம் உற்பத்தியில் 8 சதவீதத்தை ஒட்டி நின்றது, 2025க்கு வைத்த இலக்கு 15. தேர்தல் மேடையில் யாராவது வரியை நீக்குவேன் என்று சொன்னால், அந்த 15இல் எதைக் கழித்து, எந்த வார்டின் கட்டிலை எடுத்து என்று கேளுங்கள். 2019இல் நாங்கள் கேட்கவில்லை.